பழைய பிக்கப் வண்டிக்கு எஃப்.சி.: கீழிருந்து மேலாகத் தயார் செய்யும் முறை

எட்டு வயதைத் தாண்டிய குட்டி யானையோ பொலேரோ பிக்கப்போ வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலை வந்துவிடும். முதல் முறை அதற்குத் தயாராகிறவர்களில் பலர் வண்டியை நேராகக் கொண்டுபோய் விடும் இடம் பெயிண்ட் பட்டறை. பளபளவென்று வெளியே வரும் வண்டி, ஆய்வு நாளன்று ஹேண்ட் பிரேக் நிற்காமலோ, கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) ஆட்டத்தாலோ, பின் விளக்கு எரியாமலோ திரும்பிவிடுகிறது. பிறகு சேசிஸில் வெல்டிங் வைக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லும்போது புதுப் பெயிண்ட் கருகுகிறது. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகிறது.

எஃப்.சி. தயாரிப்பில் வரிசைதான் முக்கியம். காகிதம், கழுவுதல், அடிப்பாகம், சக்கரம், பிரேக், மின்சாரம், புகை, கடைசியில் பாடி. இந்த வரிசையைக் கலைத்தால் பின்னால் செய்யும் வேலை முன்னால் செய்ததைக் கெடுக்கும். தமிழ்நாட்டில் மஞ்சள் நம்பர் பிளேட்டுடன் ஓடும் பழைய டீசல் பிக்கப்பை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. தேதியைப் பார்த்து, ஒரு மாதம் முன்னால் தொடங்குங்கள்

எட்டு ஆண்டுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு எஃப்.சி. இரண்டு ஆண்டு செல்லும். அதற்கு மேல் வயதானால் ஓர் ஆண்டுதான். போன முறை இரண்டு ஆண்டு கிடைத்த நினைப்பிலேயே இருந்து தேதியைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. காலாவதியான பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறும்.

கட்டணம் சிறிய கவலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 56இன்படி, செல்லுபடியாகும் தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவு பெற்றதாகவே கருதப்படாது. அந்த நிலையில் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்துடன் வழக்காட வேண்டியிருக்கும்.

ஒரு மாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய மாடலுக்கு உதிரிபாகம் உடனே கிடைப்பதில்லை. லேத்தில் வரிசை இருக்கும். புது பிரேக் லைனிங் (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பட்டை) போட்டால் அது சில நாள் ஓடிப் பழக வேண்டும். கடைசி வாரத்தில் தொடங்குபவருக்கு இவை எதற்கும் இடம் இருக்காது.

2. காகிதங்களை முதலில் சரிபாருங்கள்

ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, சாலை வரி, பழைய வண்டிக்குரிய பசுமை வரி ஆகியவற்றைப் பாருங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் என்றால் பெர்மிட்டும் வேண்டும். நிலுவையில் இ-சலான் (அபராதம்) இருந்தால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பம் நகராமல் நின்றுவிடலாம். ஆர்.சி.யில் உள்ள கைப்பேசி எண் உங்களுடையதா என்பதையும் பாருங்கள். வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு ஓ.டி.பி. பழைய உரிமையாளருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

சுங்கச்சாவடிப் பக்கமே போகாத உள்ளூர் வண்டிக்கும் ஃபாஸ்டேக் இருந்தால்தான் எஃப்.சி. புதுப்பிக்கப்படும். இதைக் கேள்விப்பட்டே இராதவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கட்டணம் வண்டியின் வயதுக்கேற்ப ஏறுவதால், கட்டுவதற்கு முன் தளத்தில் காட்டும் தொகையைப் பாருங்கள். பக்கத்து வண்டிக்காரர் சொல்லும் தொகை உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

அடுத்தது சேசிஸ் எண். உரம், உப்பு, மீன் ஏற்றும் வண்டிகளில் அந்த இடத்தைத் துரு அரித்திருக்கும். டீசல் நனைத்த துணியால் சேற்றையும் கிரீஸையும் துடைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். எல்லா எழுத்தும் எண்ணும் தாளில் தெளிவாக வந்தால் சரி. எண் மங்கியிருந்தால் கிரைண்டரை எடுக்காதீர்கள், நீங்களாகவே மறுபடி பஞ்ச் செய்யவும் வேண்டாம். அது வண்டியின் அடையாளத்தைத் திருத்திய குற்றமாகிவிடும். படிக்க முடியாத நிலை என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெற்ற பிறகே அந்த இடத்தைத் தொட வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும் என்பதால்தான் இந்த வேலையை முதலிலேயே வைக்கிறேன்.

3. அடிப்பாகத்துக்கு வாட்டர் சர்வீஸ்

மெக்கானிக்கிடம் விடுவதற்கு முன் வண்டியின் அடிப்பாகத்தை முழுமையாகக் கழுவுங்கள். சேறு மூடிய சேசிஸில் விரிசல் தெரியாது. கழுவி ஒரு நாள் ஓட்டிய பிறகு புதிதாக எங்கே எண்ணெய் ஈரம் தெரிகிறதோ அங்கேதான் கசிவு. கழுவாமல் பார்த்தால் பழைய கசிவும் புதியதும் கலந்து, தேவையில்லாத ஆயில் சீல்களையெல்லாம் மாற்ற வைக்கும்.

4. சேசிஸும் கமான் பட்டையும்

குறுக்குச் சட்டங்கள், கமான் பட்டை (பாரம் தாங்கும் லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் பிராக்கெட், சரக்குப் பெட்டி சேசிஸில் உட்காரும் இடம் ஆகிய மூன்றும் முதலில் துருப்பிடிக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே அரித்த இடம் மந்தமாகச் சத்தமிடும். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். துருவின் மேல் அண்டர்கோட் பூசி மறைப்பது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும்.

வெல்டிங்கை இந்தக் கட்டத்திலேயே முடித்துவிடுங்கள். மின்சார வேலையும் பெயிண்டும் இதற்குப் பின்னால்தான். பற்றவைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். காமன் ரெயில் (கணினிக் கட்டுப்பாட்டில் டீசல் செலுத்தும்) எஞ்சின் என்றால் கணினிப் பெட்டியின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் போகும் பிரேக் குழாயையும் டீசல் குழாயையும் விலக்கி வைக்கச் சொல்லுங்கள்.

கமான் பட்டையில் உடைந்த தகடு, தளர்ந்த யூ போல்ட், தேய்ந்த புஷ் ஆகியவற்றைப் பாருங்கள். கூடுதல் பாரம் ஏற்றுவதற்காகப் பலரும் ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். இதில் பலருக்கும் தெரியாத ஆபத்து இருக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுடன் இணைந்த ஒரு வால்வு உண்டு. பாரத்தில் கமான் எவ்வளவு அமுங்குகிறது என்பதைக் கொண்டே அது பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. பட்டை கூடினால் கமான் அமுங்காது, வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு கொள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைத்துவிடும். நிறைந்த பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது, தேவைப்படும் பிரேக் அங்கே இருக்காது. சேர்த்த பட்டைகளைக் கழற்றுங்கள். எஃப்.சி. முடிந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளலாம் என்று அவற்றை ஓரமாக எடுத்தும் வைக்காதீர்கள்.

5. சக்கரம், ஸ்டீயரிங், டயர்

முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது வீல் பேரிங்காக இருக்கலாம், கிங் பின்னாகவும் இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு: ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காமல் தொடர்ந்தால் கிங் பின். பிரேக் அழுத்தும்போது சுழலும் டிரம் அல்லது டிஸ்க், சுழலாத பாகத்தோடு ஒன்றாகப் பிடித்துக்கொள்வதால் பேரிங்கின் ஆட்டம் மறைகிறது. இதைச் செய்யாமல் பேரிங்கை மாற்றிவிட்டு, ஆட்டம் போகவில்லையே என்று பிறகு கிங் பின்னுக்குப் போவது அடிக்கடி நடக்கும் வீண் செலவு. பந்து இணைப்பு கொண்ட மாடலில் கிங் பின் இருக்காது, அங்கே பால் ஜாயிண்டைப் பாருங்கள்.

இடமும் வலமுமாக ஆட்டும்போது இருக்கும் தளர்ச்சி பெரும்பாலும் டை ராட் எண்டில் (ஸ்டீயரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டில்) இருக்கும். ஸ்டீயரிங் வளையத்தின் வெற்றாட்டம் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஸ்டீயரிங் பெட்டியை இறுக்கி ஆட்டத்தைக் குறைக்கலாம் என்பார்கள். மூட்டுகளில் தேய்மானத்தை வைத்துக்கொண்டு பெட்டியை இறுக்கினால், வளைவில் திரும்பிய ஸ்டீயரிங் தானாக மீண்டு வராது. மூட்டுகள், பிறகு பெட்டி, கடைசியில் அலைன்மெண்ட் என்று போங்கள்.

டயரின் பட்டன் ஆழம், அதாவது மேல் பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம், 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடு போல இருக்கும் தேய்மானக் குறி மேல் பரப்போடு சமமாகிவிட்டால் அந்த டயரின் காலம் முடிந்தது. ஆய்வு நாளுக்கு மட்டும் டயரை இரவல் வாங்கி மாட்டும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மழைச் சாலையில் வண்டியைப் பிடிக்கப்போவது நீங்கள் திரும்ப மாட்டும் அந்த மொட்டை டயர்தான்.

6. பிரேக்: அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம்

ஆய்வாளரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே ஊரில் அழைக்கிறார்கள். தானியங்கிச் சோதனை நிலையம் வந்துவிட்ட இடங்களில் உருளைகளின் மேல் வண்டியை ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் தனித்தனியாக அளக்கிறார்கள். இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அங்கே மறைக்க முடியாது.

முதலில் நான்கு சக்கரங்களையும் கழற்றுங்கள். போன முறை முன்னால் பார்த்தோம், இந்த முறை பின்னால் போதும் என்ற கணக்கு வேண்டாம். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அது கசியத் தொடங்கிவிட்டது. வெளியே சொட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

பின் டிரம்முக்குள் கறுப்பாகப் பிசுபிசுப்பு இருந்தால் ஆக்சில் எண்ணெய் சீலைத் தாண்டி வருகிறது என்று பொருள். சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் புதியதும் நனைந்துவிடும். எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவியோ கொளுத்தியோ திரும்பப் போடுவதைப் பட்டறைகளில் பார்க்கலாம். ஊறிய எண்ணெய் சூடேறும்போது மறுபடி மேலே வரும். தூக்கி எறியுங்கள்.

டிரம்மின் உட்புறத்தில் விரல் வைத்து நகர்த்தினால் வரி வரியாகத் தட்டுப்படுகிறதா? லேத்தில் கடையக் கொடுங்கள். எவ்வளவு வரை கடையலாம் என்ற அதிகபட்ச விட்டம் பெரும்பாலும் டிரம்மிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டியிருந்தால் புது டிரம்தான். ஒரே ஆக்சிலின் இரு பக்கத்தையும் ஒரே அளவில் கடையுங்கள். லைனிங்கையும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நீர் சேர்ந்த ஆயில், மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு போல உள்ளே போகும். டீ நிறத்தில் கறுத்திருந்தால் முழுவதும் மாற்றுங்கள். பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் வண்டிகளில் அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது.

ஹேண்ட் பிரேக்கைக் கடைசியில்தான் தொட வேண்டும். இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பிடிக்கவில்லை என்றதும் கேபிளை இறுக்கிவிடுவார்கள். ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருக்கும்போது கேபிளை இறுக்கினால், ஷூ பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். ஓட்டத்தில் டிரம் சூடாகும், லைனிங் தேயும், ஹேண்ட் பிரேக் மறுபடி பழைய நிலைக்கே வரும். முதலில் ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள், பிறகு கேபிள். முடித்ததும் ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுப் பாருங்கள்.

புது லைனிங் ஆரம்பத்தில் டிரம்மில் அங்கங்கேதான் ஒட்டும். முழுப் பரப்பும் படிய சில நாள் ஓட்டம் வேண்டும். லைனிங் மாற்றிய மறுநாளே ஆய்வுக்குப் போகிறவருக்கு, நல்ல பொருள் போட்டிருந்தும் பிரேக் குறைவாகக் காட்டும்.

7. மின்சாரமும் விளக்கும்

பழைய பிக்கப்பில் விளக்குக் கோளாறின் வேர் பெரும்பாலும் எர்த். இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து துடிக்கிறதா? பல்பை மாற்றாதீர்கள். பின் விளக்கின் எர்த் வயர் சேசிஸில் மாட்டும் இடத்தைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளிச்சிடும் வரை சுத்தம் செய்து மாட்டுங்கள்.

பிறகு ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ், நம்பர் பிளேட் விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஹாரன், வைப்பர், டேஷ்போர்டு விளக்குகள், ஸ்பீடோமீட்டர் எல்லாமே விதி 62இன் சோதனைப் பட்டியலில் உள்ளவை. ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து ஆண்டுக்கணக்கில் ஓடும் வண்டிகள் இங்கேதான் மாட்டுகின்றன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமான மாடல் என்றால் சீல் உடையாமல் இருக்கிறதா, சான்று புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள். பல குரல் ஹாரனையும் கண் கூசும் கூடுதல் விளக்குகளையும் கழற்றிவிடுங்கள்.

ஹெட்லைட் உயரத்தை இப்போதுதான் சரிசெய்ய வேண்டும், கமான் வேலையும் டயரில் காற்றும் முடிந்த பிறகு. பின்பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்தாலே முன் வெளிச்சம் தரையில் கிட்டத்தில் விழும். முன்பே சரிசெய்தவர்கள் இதை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

8. புகை

டீசல் வண்டிக்கு வரம்பு, பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் நான்காம் கட்டம்) வருவதற்கு முந்தையது என்றால் 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு), பி.எஸ். 4 வண்டிக்கு 50. சான்று முந்தையவற்றுக்கு ஆறு மாதம், பிந்தையவற்றுக்கு ஓர் ஆண்டு செல்லும்.

கரும்புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் கூடுகிறது. முதலில் ஏர் ஃபில்டர், பிறகு டீசல் ஃபில்டர், அதன்பின் இன்ஜெக்டர் நாசில் என்று மலிவிலிருந்து விலை கூடியதற்குப் போங்கள். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவது, அதற்கு ஃபில்டர் மாற்றிப் பயனில்லை. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லையென்றால் நாசில், டைமிங், கம்ப்ரஷன், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பம்பில் டீசலைக் குறைத்து வைத்துச் சான்று வாங்கிவிட்டு, ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று மறுநாளே கூட்டுவது நடக்கிறது. நாசில் பழுது அப்படியே இருக்க, பிஸ்டன்தான் அடி வாங்கும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே சோதனைக்குப் போங்கள். குளிர்ந்த எஞ்சின் உண்மையைவிடக் கூடுதலாகப் புகை காட்டும்.

9. பாடி, பெயிண்ட், ஸ்டிக்கர்

இப்போது பெயிண்ட் பட்டறைக்குப் போகலாம். டிங்கரிங்கில் கூர்மையான விளிம்புகள், பின் கதவின் கொக்கி, கதவுப் பூட்டு ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முன் கண்ணாடியில் ஓட்டுநரின் பார்வையை மறிக்கும் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். ஆர்.சி.யில் உள்ள நிறத்தையே அடியுங்கள். நிறம் மாற்றுவதற்குத் தனி அனுமதி தேவை. முன்னால் மாட்டிய கம்பித் தடுப்பு இருந்தால் கழற்றுங்கள்.

எழுத்து வேலையில் பதிவு எண், வெற்று எடை, மொத்த எடை ஆகியவை ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். பழைய எழுத்தைப் பார்த்தே எழுதும் ஆர்ட்டிஸ்ட் பழைய பிழையையும் சேர்த்து எழுதிவிடுவார். ஆர்.சி. நகலை அவர் கையில் கொடுங்கள்.

ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். அங்கீகரிக்கப்பட்ட முத்திரை உள்ளதையே வாங்கிச் சான்றையும் கேட்டுப் பெறுங்கள். பெயிண்ட் முழுதாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஈரப் பெயிண்டில் ஒட்டிய பட்டை முதல் வாட்டர் சர்வீஸிலேயே தோலோடு உரிந்து வரும்.

10. ஆய்வு நாள்

முந்தின நாள் மாலை எல்லா விளக்கையும் மறுபடி போட்டுப் பாருங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, முதலுதவிப் பெட்டி, அசல் காகிதங்கள் வண்டியில் இருக்கட்டும். சரக்குப் பெட்டி காலியாக இருக்க வேண்டும். ஓட்டிப் பழகியவரே ஓட்டிக்கொண்டு போவது நல்லது. கிளட்ச் பழகாதவர் ஆய்வுத் தளத்தில் வண்டியைக் குலுக்கினால் இல்லாத குறையும் இருப்பதாகத் தோன்றும்.

காகித வேலைக்கு ஏஜென்ட் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். வண்டியைக் காட்டாமலே முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்துவிடுங்கள். அப்படிக் கிடைக்கும் சான்று உங்கள் ஓட்டுநரின் உயிருக்கு எந்த உத்தரவாதமும் தராது.

திருப்பி அனுப்பினால் எந்தெந்தக் குறை என்பதை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு மெக்கானிக்கிடம் போனால் ஒன்று விட்டுப்போகும். பட்டியலில் உள்ளதைச் செய்து முடித்து, பில்லையும் எடுத்துக்கொண்டு மறு ஆய்வுக்குப் போங்கள்.

11. சான்று கிடைத்த பிறகு

ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: லைனிங்கின் தடிப்பு, டயரின் பட்டன் ஆழம், அன்றைய கிலோமீட்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து அடுத்த வரியில் எழுதுங்கள். எந்தச் சக்கரத்தில் லைனிங் வேகமாகத் தேய்கிறதோ அங்கே ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது சிலிண்டர் சிக்கியிருக்கிறது என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும். டயரின் ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட்டையும் கிங் பின்னையும் பாருங்கள். பிரேக் ஆயில் மாற்றிய தேதியும் காப்பீடு, புகைச் சான்று முடியும் நாட்களும் அதே பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த எஃப்.சி. தேதிக்கு ஒரு மாதம் முந்தைய நாளைக் கைப்பேசியில் குறித்துவிடுங்கள்.